எட்டுக் கட்டங்களும் ஒரு பென்சிலும்: அவுஸ்திரேலிய வாக்குச்சீட்டு, ஒரு பயனாளரின் மதிப்பீடு

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள்: அவுஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் வழங்கப்படும் பச்சை நிற வாக்குச்சீட்டும், அதன் பின்னால் இயங்கும் விருப்பு வரிசை எண்ணுகை முறையும். பயன்படுத்திய காலம்: 2007 முதல் 2025 வரை ஏழு பொதுத்தேர்தல்கள். விலை: இலவசம், தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தத் தவறினால் 20 டொலர் தண்டம். என் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணுக்கான காரணத்தைப் பிற்பகுதியில் சொல்கிறேன். அது சிறிய காரணமன்று.

கடைசியாக நான் இதைப் பயன்படுத்தியது 2025 மே 3 ஆம் திகதி, வழக்கம்போல ஒரு சனிக்கிழமை. மெல்பேர்ணின் கிழக்குப் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கும் ஆரம்பப் பாடசாலையின் மண்டபமே வாக்களிப்பு நிலையம். வாசலில் பெற்றோர் சங்கத்தினர் பாணுக்குள் சொசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் இல்லாவிட்டால் இந்நாட்டவர்களுக்கு வாக்களித்த நிறைவு வராது போலும். உள்ளே பெயரைக் கேட்டார்கள், முகவரியைக் கேட்டார்கள், இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். அடையாள அட்டையைக் கேட்கவில்லை, விரலில் மையும் பூசவில்லை. இலங்கையில் அடையாள அட்டையை இறுகப் பிடித்தபடி வரிசையில் நின்றே பழகிய என் அம்மாவுக்கு இது இன்றுவரை நம்பமுடியாத அலட்சியமாகத்தான் தெரிகிறது. பிறகு இரண்டு சீட்டுகள் தரப்படுகின்றன: கையளவான பச்சைச் சீட்டு பிரதிநிதிகள் சபைக்கு, துண்டுபோல நீண்ட வெள்ளைச் சீட்டு மேல்சபையான செனற் சபைக்கு. கடின அட்டையால் செய்த மறைப்புக்குள் ஒரு பென்சில் காத்திருக்கிறது.

பச்சைச் சீட்டில் எங்கள் தொகுதிக்கு எட்டு வேட்பாளர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். புள்ளடி இடுவதற்கு இங்கே இடமில்லை. மிகவும் விரும்புபவருக்கு 1, அவருக்கு அடுத்தவருக்கு 2 என்று தொடங்கி, யார் வரவே கூடாது என்று நினைக்கிறோமோ அவருக்கு 8 என்பது வரை எண் இடவேண்டும். எண்ணும்போது முதலில் 1 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஒருவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றுவிட்டால் அத்துடன் அலுவல் முடிந்தது. எவரும் பெறாவிட்டால் கடைசி இடத்தில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் அடுத்ததாகக் குறிக்கப்பட்டிருப்பவருக்கு முழு மதிப்புடன் மாற்றுகிறார்கள். எவரேனும் பாதியைத் தாண்டும்வரை இது தொடர்கிறது. நாடு முழுவதும் 150 தொகுதிகளிலும் இதுவே விதி.

தோற்றவருக்கு வாக்களித்தவன் இரண்டு வாக்குப் போடுகிறான், வென்றவருக்கு வாக்களித்தவன் ஒன்றுதானே போடுகிறான் என்பது இந்த முறையைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் எழுப்பும் முதல் ஆட்சேபம். கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது “கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வா, அது இல்லையென்றால் வெண்டிக்காய், அதுவும் இல்லையென்றால் பூசணிக்காய்” என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்? கத்தரிக்காய் தீர்ந்துபோய் வெண்டிக்காயுடன் திரும்பிய பிள்ளை இரண்டு கறிகளை வாங்கி வந்ததாக எவரும் கணக்கெழுதுவதில்லை. முதல் விருப்பு களத்தில் நிலைத்திருக்கும் வாக்காளரின் சீட்டும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது அதே இடத்தில் நிற்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தப் பொருள் எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்று பார்த்தால், அதன் பிறப்பு உயர்ந்த நோக்கம் எதையும் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1918 ஒக்டோபரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அப்போது நடைமுறையில் இருந்தது, அதிக வாக்கு எடுத்தவர் வெல்வார் என்ற பழைய முறை. தொழிற்கட்சிக்கு எதிரான வாக்குகள் ஆளும் தேசியவாதக் கட்சிக்கும் விவசாயிகளின் வேட்பாளருக்கும் இடையில் பிளந்துபோக, எட்வின் கோர்போய் என்ற 22 வயது தொழிற்கட்சி இளைஞர் ஏறத்தாழ 34 சதவீத வாக்குகளுடன் நாடாளுமன்றம் சென்றார். பதறிப்போன அரசாங்கம் அதே ஆண்டிலேயே சட்டத்தை மாற்றியது. டிசம்பரில் விக்ரோறியா மாநிலத்தின் கொறங்கமைற் இடைத்தேர்தலில் புதிய முறை முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. முதல் எண்ணுகையில் 42 சதவீதத்துக்கு மேல் பெற்று முன்னின்ற தொழிற்கட்சி வேட்பாளர் தோற்றார். 26 சதவீதம் பெற்றிருந்த விவசாயிகள் சங்க வேட்பாளர் வில்லியம் கிப்சன் மற்றவர்களின் விருப்பு வாக்குகளால் வென்றார். அன்று தோற்ற ஜேம்ஸ் ஸ்கலின் பிற்பாடு 1929 இல் இந்நாட்டின் பிரதமரானார் என்பது தனிக்கதை. ஒரு கூட்டணியின் தன்னலத்துக்காகச் செய்த ஏற்பாடு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதே தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்தும் ஏற்பாடாகவும் இருக்கிறது. செய்தவரின் கைக்கு அடங்காமல் போன பொருள் என்பதாலேயே எனக்கு இதன்மீது நம்பிக்கை கூடுகிறது.

சமையல் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பார்ப்பதுபோல, தேர்தல் முறையை இழுபறியான தொகுதிகளில் வைத்துத்தான் சோதிக்கவேண்டும். 1998 இல் குயின்ஸ்லாந்தின் பிளெயர் தொகுதியில் போலின் ஹான்சன் போட்டியிட்டார். ஆசியக் குடியேற்றத்தால் நாடு மூழ்கப்போகிறது என்று நாடாளுமன்றத்தின் கன்னிப் பேச்சிலேயே சொன்னவர் அவர். முதல் எண்ணுகையில் அவருக்கு ஏறத்தாழ 36 சதவீதம். தொழிற்கட்சிக்கு 25 சதவீதம். லிபரல் கட்சியின் கமரன் தொம்சனுக்கு 22 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய முறையாக இருந்திருந்தால் பத்துப் புள்ளிக்கு மேற்பட்ட இடைவெளியில் ஹான்சன் வென்றிருப்பார். ஆனால் அவரை விரும்பாத 64 சதவீதத்தினரில் மிகப் பெரும்பாலோர் அவரைப் பட்டியலின் அடியில் வைத்திருந்தார்கள். எண்ணி முடிந்தபோது மூன்றாம் இடத்தில் நின்ற தொம்சன் 53 சதவீதத்துடன் வென்றார். எங்களைப் போன்ற குடியேறியவர்களுக்கு இது மகிழ்ச்சியான முடிவு என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பலமான சிறு ஆதரவையும் பரந்த வெறுப்பையும் ஒருங்கே சுமக்கும் ஒருவர் வெல்வதைத் தடுப்பதே இந்த முறை செய்யும் முதன்மையான வேலை. பிளெயரில் அது கண்கூடாக நடந்தது.

அது கட்சி பார்த்து நடப்பதுமில்லை. 2025 இல் மெல்பேர்ண் தொகுதியில் பசுமைக் கட்சியின் தலைவர் அடம் பாண்ட் முதல் விருப்பில் முன்னின்றும், லிபரல் வாக்காளர்களின் அடுத்த விருப்பு பெருமளவில் தொழிற்கட்சியின் சாரா விற்றிக்குச் சென்றதால் தோற்றார். அதே தேர்தலில் சிட்னியின் பிராட்பீல்ட் தொகுதியில் லிபரல் வேட்பாளர் 38 சதவீதமும் சுயேச்சை வேட்பாளர் நிக்கோலெற் போயெல் 27 சதவீதமும் பெற்றிருந்தார்கள். விருப்பு வாக்குகள் சேர்ந்த பிறகு ஒருமுறை லிபரல் எட்டு வாக்குகளால் முன்னே நிற்க, மீள எண்ணியபோது போயெல் 26 வாக்குகளால் வென்றார். இதற்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடனடி முடிவை எதிர்பார்க்கிறவர்கள் இந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலான தொகுதிகளில் அவ்வளவு தாமதம் இல்லை. கடைசிவரை நிற்கக்கூடிய இருவர் யார் என்று தேர்தல் ஆணைக்குழு முன்கூட்டியே கணித்து, மற்றவர்களின் சீட்டுகளில் அந்த இருவருள் யார் முன்னே இருக்கிறார் என்பதை அன்றிரவே எண்ணி வெளியிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சி முன் உட்காருகிறவர்களுக்கு ஆட்சி யாருடையது என்பது தெரிந்துவிடும்.

தவறான எதிர்பார்ப்புடன் வாங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்துக்கு ஏற்ப ஆசனங்களைப் பகிர்ந்து தருவது இந்தப் பொருளின் வேலையன்று. 2025 இல் தொழிற்கட்சி 34.6 சதவீத முதல் விருப்புடன் 150 இல் 94 ஆசனங்களை வென்றது. 2024 இல் பிரித்தானியாவின் தொழிற்கட்சி, அதிக வாக்கு எடுத்தவர் வெல்லும் பழைய முறையில், 33.7 சதவீதத்துடன் 650 இல் 411 ஆசனங்களை வென்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். அப்படியானால் எட்டு எண் எழுதியதில் என்ன பயன் என்று கேட்கலாம். அந்த 94 பேரில் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியில், கடைசியில் எஞ்சிய போட்டியாளரைவிடத் தம்மையே விரும்பிய பாதிக்கு மேற்பட்டவர்களைக் காட்டமுடியும். பிரித்தானியாவின் தென்மேற்கு நோர்போக்கில் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸைத் தோற்கடித்தவர் பெற்றதோ 26.7 சதவீதம் மட்டுமே. மற்ற 73 சதவீதத்தினர் அவரை இரண்டாவதாக விரும்பினார்களா, கடைசியாக விரும்பினார்களா என்பது எவருக்கும் தெரியாது; அந்தச் சீட்டு அதைக் கேட்கவேயில்லை. கேட்கும்படி மாற்றலாமா என்று 2011 இல் பிரித்தானிய மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். சிக்கலானது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எட்டு வரை எண்ணத் தெரிந்தவருக்கு இதில் என்ன சிக்கல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதே பெயரில் கிடைக்கும் இன்னொரு பொருளுடன் ஒப்பிடாமல் இந்த மதிப்பீட்டை எழுத என்னால் முடியாது, ஏனென்றால் முதலில் எனக்குக் கிடைத்தது அதுதான். 1994 இல் கொழும்பில் நான் வாக்களித்த சனாதிபதித் தேர்தலும் சட்டப்படி விருப்பு வரிசைத் தேர்தலே. வாக்காளர் மூன்று பேர்வரை 1, 2, 3 என்று குறிக்கலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே தடவையில் நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு இடப்பட்ட அடுத்த விருப்புகளை எண்ணுவார்கள். ஒரேயொரு புள்ளடி இட்டாலும் அது முதல் விருப்பாக ஏற்கப்படும். அன்று நானும் புள்ளடிதான் இட்டேன். என்னுடன் வந்தவர்களும் அப்படியே. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுச் சனாதிபதித் தேர்தல்களும் முதல் எண்ணுகையிலேயே முடிந்துவிட்டதால், இரண்டாம் எண் என்ற ஒன்று இருப்பதையே நாடு மறந்துபோயிருந்தது.

2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக அந்தப் பொருள் இயக்கிப் பார்க்கப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும் சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் பெற்று, எவரும் பாதியை எட்டாமல் நின்றார்கள். ரணில் விக்கிரமசிங்க உள்ளிட்ட மற்றவர்களுக்குக் கிடைத்திருந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இரண்டாம், மூன்றாம் விருப்பாக அநுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. அதாவது பன்னிரண்டு சீட்டுகளில் ஒன்றுதான் பயணத்தைத் தொடர்ந்தது. எஞ்சிய 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் அந்த இருவருள் எவரைத் தெரிவது என்பதில் எதுவும் சொல்லவில்லை. புதிய சனாதிபதி இறுதியில் பெற்ற 57,40,179 வாக்குகள் செல்லுபடியான மொத்த வாக்குகளில் 43 சதவீதமே. வென்றவர் எப்படியும் அவரே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு முறை, தான் தருவதாகச் சொன்ன பெரும்பான்மையைத் தரவில்லை.

தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்குக் கிடைத்த 2,26,343 வாக்குகளை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். வெல்லமுடியாது என்று தெரிந்தும் ஒரு செய்தியைச் சொல்வதற்காக அளிக்கப்பட்ட வாக்குகள் அவை. விருப்பு வரிசை முறை சரியாகப் பழக்கப்பட்ட நாட்டில் இத்தகைய வாக்காளருக்கு எந்தத் தர்மசங்கடமும் இருக்காது: 1 என்ற எண்ணால் செய்தியைச் சொல்லிவிட்டு, 2 என்ற எண்ணால் ஆட்சியைத் தீர்மானிப்பதிலும் பங்குகொள்ளலாம். அவருக்கு வாக்களித்தால் அந்த வாக்கு வீண், அதனால் இன்னாருக்கு வெற்றி என்ற பயமுறுத்தலுக்கு அங்கே வேலையில்லை. இலங்கையின் சீட்டிலும் அதற்கான கட்டம் இருந்தது. ஆனால் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பெயர்கள் அடங்கிய அந்த நீண்ட சீட்டில், ஒன்றுக்கு மேல் எதையாவது எழுதினால் வாக்குக் கெட்டுப்போகுமோ என்ற அச்சமே பலரிடம் மிகுந்திருந்தது. போதாததற்கு, 1989 முதல் பாராளுமன்றத் தேர்தலில் ஒரே கட்சிப் பட்டியலுக்குள் மூவருக்கு இடும் அடையாளத்தையும் நாங்கள் விருப்பு வாக்கு என்றே சொல்லி வருகிறோம். ஒரே கட்சிக்காரர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் அந்த விவகாரத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்வு செய்யப்படுவதும் இந்த முறையில்தான். 1969 இல் வி. வி. கிரி முதல் எண்ணுகையில் பாதியை எட்டாமல், இரண்டாம் விருப்புகளைச் சேர்த்த பிறகே நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். அத்தேர்தலில் வாக்களிக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பொருந்துவது குடிமக்களுக்கு ஏன் பொருந்தாது என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அவுஸ்திரேலியச் சீட்டின் இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாதது. முதல் விருப்பில் 4 சதவீதமாவது பெறும் வேட்பாளருக்குக் கட்டுப்பணம் திரும்பக் கிடைப்பதுடன், ஒவ்வொரு முதல் விருப்புக்கும் மூன்று டொலருக்கு மேற்பட்ட தொகை அரச நிதியிலிருந்து கட்சிக்குச் செல்கிறது. சிறிய கட்சிக்கு 1 இட்டவரின் எண் கடைசியில் பெரிய கட்சி ஒன்றிடம் போய்ச் சேர்ந்தாலும், முதலில் தொட்ட இடத்தில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டே போகிறது. 2010 இல் தஸ்மேனியாவின் டெனிசன் தொகுதியில் 21 சதவீதத்துடன் மூன்றாம் இடத்தில் நின்ற சுயேச்சை வேட்பாளர் அன்ட்ரூ வில்கி, மற்றவர்களின் அடுத்த விருப்புகளால் வென்று இன்றுவரை நாடாளுமன்றத்தில் இருக்கிறார். பழைய முறையில் அவருக்கு வாக்களிக்கவே பலர் தயங்கியிருப்பார்கள்.

இனிக் குறைகள். வேட்பாளர்களின் பெயர்கள் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தப்படுகின்றன. மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எழுதிவிட்டுப் போகும் அக்கறையற்றவர்களின் வாக்கு, இங்கே கழுதை வாக்கு எனப்படுவது, முதலில் இருப்பவருக்கு இலவசமாகச் சேருகிறது. தஸ்மேனிய மாநிலத் தேர்தலில் பெயர் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றி அச்சிட்டு இதைச் சமாளிக்கிறார்கள். தேசியத் தேர்தலில் அதைச் செய்யாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வாசலில் கட்சித் தொண்டர்கள் திணிக்கும் வழிகாட்டித் துண்டுகளும் தொந்தரவுதான், ஆனால் அவற்றைப் பின்பற்றவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வெள்ளைச் சீட்டின் கதையோ தனியாக எழுதவேண்டியது. 2013 இல் நியூ சவுத் வேல்ஸில் அதில் 110 பெயர்கள் இருந்தன, வாசிக்க உருப்பெருக்கித் தாள் கொடுத்தார்கள்; அதே ஆண்டு விக்ரோறியாவில் அரை சதவீத முதல் விருப்புப் பெற்ற ஒருவர் கட்சிகள் தமக்குள் செய்த ஒப்பந்தங்களின் தயவில் செனற்றரானார். 2016 இல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

என் ஒரு மதிப்பெண்ணைப் பறித்தது வேறொன்று. பச்சைச் சீட்டில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியே ஆகவேண்டும். கடைசிக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டால் பொறுத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஓர் எண் இரண்டு முறை வந்துவிட்டாலோ ஓர் எண் தவறிப்போனாலோ சீட்டு முழுவதும் செல்லாது. 1 என்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக எழுதியிருந்தாலும், அவருக்கே தொகுதியின் பாதி வாக்கு கிடைத்து அடுத்த எண்கள் தேவைப்படாமலே போயிருந்தாலும்கூட, ஆறாம் இடத்தில் செய்த பிழைக்காக அந்தச் சீட்டு ஒதுக்கப்படுகிறது. தேசிய அளவில் இருபதில் ஒரு சீட்டு செல்லுபடியாவதில்லை. ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாதவர்கள் நிறைந்த மேற்குச் சிட்னியில் இது இன்னும் அதிகம். விரும்பிய அளவுக்கு எண்ணிட்டால் போதும் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தளர்வை முழுமையாக எடுத்துக்கொண்டால் இலங்கையில் நடந்தது இங்கும் நடக்கலாம் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆகவே எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள் என்ற அறிவுறுத்தல் சீட்டில் அப்படியே இருக்கட்டும். பிழை நேர்ந்தால் அந்தப் பிழைவரை எண்ணிவிட்டு அங்கே நிறுத்தட்டும். வாக்காளரிடம் முழு உழைப்பையும் கேட்கும் ஒரு முறை, அவர் தந்த பாதி உழைப்பையாவது மதிக்கவேண்டும்.

இதற்கு இப்போதே இருக்கும் ஒரு சிறிய பரிகாரம் பலருக்குத் தெரிவதில்லை. அன்று எனக்குப் பக்கத்து மறைப்பில் நின்ற அம்மா நெடுநேரமாக வெளியே வரவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர், எண்களில் என்னைவிடக் கெட்டிக்காரி. பிறகு மெல்ல எட்டிப் பார்த்து, “பிள்ளை, நான் ரெண்டு பேருக்கு அஞ்சு போட்டிட்டன். அழிக்க றப்பரும் இல்லை, என்ன செய்யிறது?” என்று கேட்டார். சீட்டை விரித்துக் காட்டாமல் மடித்தபடி அலுவலரிடம் கொடுங்கள், அதைப் பழுதானதாக வைத்துக்கொண்டு புதியதொன்றைத் தருவார்கள் என்று சொன்னேன். அப்படியே தந்தார்கள், முகம் சுளிக்காமல். அம்மா புதிய சீட்டுடன் மறைப்புக்குள் திரும்பிப் போய், இம்முறை எட்டிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எண்ணிட்டதாக வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். யார் வரக்கூடாது என்பதில் அவருக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லையாம்.